வழுவும் வழுவமைதியும் – ஒரு "ஸ்பாட் த எரர்" புலம்பல்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த மேட்டர் இது. மூணு மாசம் முன்னாடி அக்கா பொண்ணு ஒரு மாதிரித் தேர்வு மார்க்கைக் கொண்டு வந்து என் முன்னாடி வெச்சா. கணக்குல 25க்கு 23. ரீசனிங்ல 22. இங்கிலீஷ்ல 9.

"எனக்கு இங்கிலீஷ் வராது மாமா. விட்ருங்க."

பிளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். அப்புறம் பி.எஸ்சி. கணிதம். கணக்குல என்னையே மடக்குவா. எழுதறது எஸ்எஸ்சி சிஜிஎல் தேர்வு. போன தடவை கோட்டை விட்டதும் இந்த இங்கிலீஷ்ல தான். இந்த வருஷமும் போச்சுன்னா வீட்ல மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சிருவாங்க. அவளுக்கு அது 9 மார்க் பிரச்சினை இல்லைங்க, வாழ்க்கைப் பிரச்சினை.

"தமிழ்நாட்டு வேலைக்கு எதுக்குய்யா இங்கிலீஷ்"னு கேக்கறவங்களுக்கு: டிஎன்பிஎஸ்சி குரூப் 4ல முன்னாடி பொதுத்தமிழ், பொது ஆங்கிலம் ரெண்டுல ஒண்ணை எடுக்கலாம். 2021 டிசம்பர் அரசாணைக்கு அப்புறம் அங்க தமிழ் கட்டாயம். எஸ்எஸ்சி-யோட எம்டிஎஸ் தேர்வையும் 2023லேர்ந்து தமிழ்ல எழுத முடியுது. நல்ல விஷயம். ஆனா சிஜிஎல், வங்கி அதிகாரி தேர்வுன்னு போனா ஆங்கிலப் பகுதியைத் தாண்டாம ஒண்ணும் நடக்காது. சிஜிஎல் முதல் கட்டத்துல 60 நிமிஷத்துல 100 கேள்வி, அதுல 25 ஆங்கிலம். சரியான விடைக்கு 2 மார்க், தப்புக்கு அரை மார்க் காலி.

நிற்க.

அவ தப்பு பண்ணின கேள்விகளை எல்லாம் ஒரு பேப்பர்ல வரிசையா எழுதிப் பாத்தேன். பாதிக்கு மேல "இந்த வாக்கியத்துல எந்தப் பகுதியில பிழை இருக்கு"ங்கற வகை. அவ அதுல பிழை இல்லன்னு டிக் அடிச்சிருக்கா. ஏன்னா அவ காதுக்கு அது பிழையாவே கேக்கல. அப்பத்தான் ஒண்ணு புரிஞ்சுது. இதெல்லாம் கவனக்குறைவு இல்ல. பெரும்பாலான தப்புக்குப் பின்னாடி ஒரு சரியான தமிழ் வாக்கியம் நின்னுக்கிட்டு இருந்துச்சு.

அவ போற பயிற்சி மையத்துல "நூறு ரூல்ஸ்"னு ஒரு ஜெராக்ஸ் நோட்டு குடுத்திருக்காங்க. மனப்பாடம் பண்ணணுமாம். கூடவே "தமிழ்ல யோசிக்காதே, இங்கிலீஷ்லயே யோசி"ங்கற உபதேசம். எனக்கு இது சுத்தமா ஒத்துக்கல. இருபத்திரெண்டு வருஷம் தமிழ்ல யோசிச்ச புள்ளையை ஆறு மாசத்துல இங்கிலீஷ்ல யோசின்னா எங்கே போகும்? என் கட்சி இதுக்கு நேர் எதிர். தமிழ்லயே யோசி. ஆனா தமிழ் எங்க கை குடுக்கும், எங்க காலை வாரும்னு தெரிஞ்சுக்க. அம்புட்டுதேன்.

சும்மா சொல்லலை. கீழ இருக்கறதெல்லாம் அவளும் நானும் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை உக்காந்து கண்டுபிடிச்சது.

1. ஓர் ஊர், ஒரு வீடு

"எ"யா "ஆன்"னா? "வவல்ஸுக்கு முன்னாடி ஆன்"னு ஒரு விதி சொல்லிக் குடுத்து எல்லாரையும் கெடுத்து வெச்சிருக்காங்க. அது எழுத்தைப் பொறுத்தது இல்ல, ஒலியைப் பொறுத்தது. நமக்கு இது புதுசா என்ன? உயிருக்கு முன்னாடி ஓர், மெய்க்கு முன்னாடி ஒரு. ஓர் ஊர், ஒரு வீடு. அதே கதை தான். அவளுக்கு நான் சொன்ன வழி: சந்தேகம் வந்தா அந்த வார்த்தையை உச்சரிக்கற மாதிரியே தமிழ் எழுத்துல எழுதிப் பாரு. யுனிவர்சிட்டி – முதல் எழுத்து யு, உயிர்மெய், அதனால "எ". ஆனஸ்ட் – எச் எழுத்தா இருந்தாலும் வாயில வர்றது ஆ, அதனால "ஆன்". எம்.எல்.ஏ. – எ, அதனால "ஆன்". வன் ருபீ காயின் – வ, அதனால "எ". எந்த எழுத்தும் ஊமையா நிக்காத நம்ம எழுத்து இங்க எவ்ளோ உதவி பாருங்க.

2. பத்து வருஷமா, பத்து வருஷத்திலிருந்து

"ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்." இதுல ரெண்டு தப்பு. நாம "பத்து வருஷமா இங்க இருக்கேன்"னு நிகழ்காலத்துல சொல்றோம், அதான் "ஆம்". ஆங்கிலத்துல நேத்து ஆரம்பிச்சு இன்னிக்கும் தொடர்றதுக்குன்னே தனியா "ஹேவ் பீன்" இருக்கு. இது தமிழ் காலை வார்ற இடம். ஆனா சின்ஸா ஃபாரா-ங்கறதுக்குத் தமிழே பதில் சொல்லும். "2010லேர்ந்து"ன்னு வந்தா சின்ஸ். "பத்து வருஷமா"ன்னு வந்தா ஃபார். "லேர்ந்து"ன்னா ஆரம்பப் புள்ளி, "ஆ"ன்னா நீளம். இதைச் சொன்னதும் "இவ்ளோ தானா மாமா"ன்னா.

3. "பற்றி"யால வந்த வினை

"வி டிஸ்கஸ்ட் அபவுட் த ப்ராப்ளம்." பிரச்சினை பற்றி விவாதிச்சோம் – அந்தப் "பற்றி" தான் "அபவுட்"டா வந்து உக்காந்துக்குது. அறைக்குள்ள நுழைஞ்சான், அதனால "என்டர்ட் இன்ட்டு த ரூம்". சென்னைக்குப் போய்ச் சேந்தான், அதனால "ரீச்ட் டு சென்னை". அவரோட கல்யாணம் ஆச்சு, அதனால "மேரீட் வித் ஹிம்". டிஸ்கஸ், என்டர், ரீச், மேரி – இதெல்லாம் நம்ம வேற்றுமை உருபை முழுங்கிட்டு ஏப்பம் விடற வினைங்க. முழுங்கினதை மறுபடி ஊட்டக் கூடாது. இது மாதிரி ஒரு பதினஞ்சு இருபது இருக்கு, அதை மட்டும் மனப்பாடம் பண்ணினா போதும்.

4. மாடுங்க வருது

இது தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. எழுவாய் – பயனிலை ஒப்புமை. அவன் வந்தான், அவள் வந்தாள், அவர்கள் வந்தார்கள்னு ஆங்கிலத்தை விட பல மடங்கு கறாரா இருக்கற மொழி நம்மளது. அப்புறம் ஏன் நாம இஸ், ஆர்ல வழுக்கி விழறோம்? பேச்சுத் தமிழ்ல அஃறிணைப் பன்மை செத்துப் போச்சுங்க. "மாடுகள் வருகின்றன"ன்னு எழுதுவோம், "மாடுங்க வருது"ன்னு பேசுவோம். "காய்கறி விலையெல்லாம் ஏறிடுச்சு"ன்னு பேசற காதுக்கு "ப்ரைசஸ் ஹேஸ் கான் அப்" தப்பாவே படாது. அதனால இந்த மாதிரிக் கேள்வி வந்தா பேச்சுத் தமிழை விட்டுட்டு எழுத்துத் தமிழ்ல சொல்லிப் பாக்கணும். விலைகள் ஏறி"ன". அப்ப "ஹேவ்".

"ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்" விவகாரமும் இதே தான். பேசறப்ப "என் ஃப்ரெண்ட் ஒருத்தன்". எழுதறப்ப "என் நண்பர்களில் ஒருவர் வந்தார்". நண்பர்கள் பன்மை, வந்தார் ஒருத்தருக்கு. அப்படியே ஆங்கிலம்: ஃப்ரெண்ட்ஸ் பன்மை, ஹேஸ் ஒருமை. எழுத்துத் தமிழ் தெரிஞ்சவனுக்கு இந்தக் கேள்வி அல்வா.

"த குவாலிட்டி ஆஃப் த மேங்கோஸ் ஆர் பேட்" மாதிரி வந்தா, முதல்ல வினையைப் பிடி, அப்புறம் "யாரு? எது?"ன்னு கேளு. மாம்பழமா மோசம்? தரம் தானே மோசம். நடுவுல இருக்கறதைப் பென்சிலால அடிச்சிட்டா மாம்பழம் காணாமப் போயிரும். தரம் ஒருமை, அதனால "இஸ்".

5. தகவல்கள், அறிவுரைகள், சாமான்கள்

இங்க தமிழ் நல்லாவே காலை வாரும். நாம தகவல்கள்னு சொல்றதால "இன்ஃபர்மேஷன்ஸ்", அறிவுரைகள்னு சொல்றதால "அட்வைசஸ்", சாமான்கள்னு சொல்றதால "லக்கேஜஸ்". ஆங்கிலக்காரனுக்கு இதெல்லாம் தண்ணி மாதிரி, எண்ண முடியாது. நாம மட்டும் என்ன, "முடி கொட்டுது"ன்னு தானே சொல்றோம், முடிகள் கொட்டுகின்றனன்னா சொல்றோம்? அந்த ஞாயம் தான்.

6. வந்ததும் வராததுமா

"ஹார்ட்லி ஹேட் ஐ..."ன்னு ஒரு வாக்கியம் வந்தா அவளுக்கு வயித்தைக் கலக்குமாம். "வந்ததும் வராததுமா சண்டையை ஆரம்பிச்சா"ன்னு உங்கம்மா சொல்வாளே, அதான்மா ஹார்ட்லின்னேன். ஹார்ட்லிக்கு ஜோடி வென். நோ சூனருக்கு ஜோடி தேன் – ஏன்னா சூனர்ங்கறது ஒப்பீட்டுச் சொல், பெட்டர் தேன், பிக்கர் தேன் மாதிரி சூனர் தேன். காரணம் சொன்னா எதுக்குங்க மனப்பாடம்?

இதெல்லாம் ஒரு பக்கம். இன்னொண்ணையும் சொல்லிடறேன், இது தான் பதிவோட சாரம்.

பிழை கண்டுபிடிக்கறதுங்கறது ஏதோ வெள்ளைக்காரன் கொண்டாந்த வித்தைன்னு நெனச்சுக்காதீங்க. பதிமூணாம் நூற்றாண்டுல பவணந்தி முனிவர் நன்னூல்ல இதைத் தான் செஞ்சாரு. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபுன்னு ஏழு வகையில பிழை வரும்னு பட்டியலே இருக்கு. குயில் கூவும், மயில் அகவும். ரெண்டையும் "கத்துது"ன்னா மரபு வழு. ஆனா நம்ம ஆளுங்க அதோட நிக்கல. "வழுவமைதி"ன்னு ஒண்ணு வெச்சாங்க பாருங்க, அங்க தான் நிக்கறாங்க. பசு மாட்டைப் பாத்து "என் அம்மை வந்தாள்"னு சொன்னா திணை தப்பு தான். பொண்ணைப் பாத்து "வாடா ராசா"ன்னு கொஞ்சினா பால் தப்பு தான். ஆனா காரணத்தோட சொன்னா ஏத்துக்கலாம்னு இலக்கணமே சொல்லுது.

ஆங்கிலத்துலயும் இந்த ரெண்டு வகையும் உண்டு. "ஹி டோன்ட் நோ"ன்னு பரிட்சையில எழுதினா அது வழு. "இட் இஸ் மீ"ங்கறது வழுவமைதி, அவங்க ஊர்லயே எல்லாரும் அப்படித் தான் சொல்றாங்க. வாக்கியத்தோட கடைசில ப்ரிபொசிஷன் வரவே கூடாதுங்கறதை ஃபௌலர் 1926லயே மூடநம்பிக்கைன்னு எழுதிட்டாரு. நம்மூர் "ப்ரீபோன்" இன்னிக்கு ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில இருக்கு. நம்ம பயிற்சி மையங்கள்ல இன்னிக்கும் வேதம் ரென் அண்ட் மார்ட்டின். சுதந்திரத்துக்கு முன்னாடி வந்த புத்தகம். அந்த ரென் பம்பாய் மாகாணத்துல கல்வித்துறை வேலை பாத்தவரு, "பியூ ஜெஸ்ட்"ங்கற நாவலும் எழுதினவரு. புத்தகத்தைக் குறை சொல்லலை, இன்னிக்கும் அதுக்கு மாத்து இல்ல. ஆனா வழு எது, வழுவமைதி எதுன்னு பிரிச்சுச் சொல்லாம எல்லாத்தையும் "ராங்"னு சிவப்பு மையில சுழிக்கறப்ப தான் புள்ளைங்களுக்கு பயம் வருது. வாயைத் திறக்கவே யோசிக்கறாங்க.

பரிட்சை ஹால்ல மட்டும் வழுவமைதியை எல்லாம் மறந்துட்டு பழைய விதிப்படியே டிக் அடின்னு அவகிட்ட சொல்லிட்டேன். அங்க போய் ஃபௌலரைத் துணைக்குக் கூப்பிட்டா அரை மார்க் போயிரும். வெளில வந்து பேசறப்ப தைரியமா பேசு.

இன்னொரு சின்ன கணக்கு, இதை அவளே போட்டுக் காட்டினா. நாலு விடையில ரெண்டைத் தள்ள முடிஞ்சா ஊகிக்கறது லாபம்: பாதி வாய்ப்பு 2 மார்க், பாதி வாய்ப்பு அரை மார்க் நஷ்டம், சராசரியா முக்கால் மார்க் கையில நிக்கும். ஒண்ணுமே தெரியாம கண்ணை மூடி அடிச்சா சராசரி அரைக்கால் மார்க். அதுக்கு நேரத்தை வீணாக்காதேன்னு அர்த்தம். பிழையே கண்ணுல படலைன்னா ரெண்டு தடவைக்கு மேல தேடாதே, "பிழை இல்லை"யும் ஒரு விடை தான்.

எல்லாத்துக்கும் இந்தத் தமிழ் வைத்தியம் செல்லாதுன்னும் ஒத்துக்கறேன். "த" எங்க வரும், எங்க வராதுங்கறதுக்குத் தமிழ்ல ஜோடியே கிடையாது. லுக் அட், லுக் ஆஃப்டர், லுக் இன்ட்டு – இதுக்கெல்லாம் தினம் ரெண்டு பக்கம் ஆங்கிலப் பேப்பர் படிக்கறதைத் தவிர குறுக்கு வழி இல்ல. படிக்கறா, பாவம்.

மூணு மாசத்துல 9 இப்ப 17 ஆயிருக்கு. தேர்வு இன்னும் எழுதலை, அதனால ரொம்ப ஆடலை நாங்க. ஆனா "எனக்கு இங்கிலீஷ் வராது"ங்கற டயலாக் மட்டும் நின்னு போச்சு.

போன ஞாயித்துக்கிழமை என் ஆபீஸ் மெயிலை எட்டிப் பாத்துட்டு சிரிச்சா. மேனேஜருக்கு "ஐ வில் ரிவர்ட் பேக் ஆஃப்டர் டிஸ்கஸிங் அபவுட் திஸ்"னு அனுப்பி வெச்சிருக்கேன். பதினேழு வருஷ சர்வீஸு!

"மாமா, இது வழுவா, வழுவமைதியா?"

வழு தான் தாயின்னேன் :-)

பி.கு: உங்களுக்கும் இந்த மாதிரி தமிழ் வழியா ஆங்கிலம் பிடிபட்ட இடம் ஏதாவது இருந்தா சொல்லிட்டுப் போங்க மக்களே. அவளுக்கு இன்னும் எட்டு மார்க் பாக்கி இருக்கு.