'எதுவும்' என்றால் எதுவுமா?

"துப்பாக்கி எண்ணெய் என்பதே வியாபாரத் தந்திரம், வீட்டில் கிடக்கும் எதுவும் போதும்" என்று அமெரிக்கத் துப்பாக்கிப் பிரியர்கள் சிலர் வாதிடுவதில் பாதி உண்மை. சின்னக் குப்பிக்கு வாங்கும் விலை அநியாயம்தான். எஞ்சின் ஆயில் சூட்டையும் உராய்வையும் தாங்கச் செய்யப்பட்டது. இரும்போடு இரும்பு உரசும் இடத்தில் தாராளமாக உதவும். ஆனால் அந்த 'எதுவும்' என்ற சொல்லில்தான் வழுக்குகிறார்கள். டபிள்யூடி-40 என்ற தெளிப்புத் திரவம், 1953இல் சான் டியேகோவில் ஈரத்தை விரட்டவும் துருவைத் தடுக்கவும் உருவானது. பெரும்பகுதி ஆவியாகும் கரைப்பான். அது பறந்தபின் மிஞ்சுவது மெல்லிய படலம். சமையல் எண்ணெயோ நாள்பட்டால் பிசினாகும். பலகாரச் சட்டியின் விளிம்பைத் தடவிப் பாருங்கள். "என் துப்பாக்கி இத்தனை வருடமாகச் சுடுகிறதே" என்பார்கள். அலமாரியில் தூங்கி, எப்போதாவது பத்துத் தோட்டா சுடும் துப்பாக்கி எந்த எண்ணெயையும் சோதிப்பதில்லை. காசு மிச்சமாக வேண்டுமா? புது எஞ்சின் ஆயில் நாலு சொட்டு விடுங்கள். வண்டியிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெய் மட்டும் வேண்டாம்.