அம்மா செய்ய வேண்டியவை

வளர்ச்சியில் தாமதம் உள்ள குழந்தைகளுக்கு விளையாட்டின் வழியே தரப்படும் ஆக்குபேஷனல் தெரபியை நான் நம்புகிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி நான் எழுதப்போவதை அந்தச் சிகிச்சைக்கு எதிரானதாக வாசிக்கச் சிலர் காத்திருப்பார்கள். என் சண்டை சிகிச்சையோடு இல்லை. சிகிச்சை முடிந்ததும் அம்மாவின் கையில் திணிக்கப்படும் தாளோடு.

'வீட்டுப் பயிற்சி' என்று தலைப்பிட்ட தாள் அது. கீழே தடித்த எழுத்தில் 'அம்மா செய்ய வேண்டியவை'. என் மகளுக்கு மூன்றரை வயதானபோது எனக்குக் கிடைத்த தாளில் பதினொரு வேலைகள் இருந்தன. காலையில் மெல்லிய பிரஷ்ஷால் கைகால்களைத் தேய்த்துவிட வேண்டும். அரிசிக்குள் பொம்மையை ஒளித்துவைத்துத் தேடச் சொல்ல வேண்டும். மாவைக் கொடுத்துப் பிசையவிட வேண்டும். துணி கிளிப்புகளைத் தாம்பாளத்தின் விளிம்பில் மாட்டவிட வேண்டும். தலையணைகளை அடுக்கி ஏறி இறங்கவிட வேண்டும். ஊஞ்சல் பதினைந்து நிமிடம். இரவில் போர்வையால் இறுக்கிச் சுருட்டி மெல்ல உருட்ட வேண்டும். இப்படியே பதினொன்று. வாரத்தின் ஏழு நாட்களுக்கும் கட்டம் போட்டிருந்தது, செய்தவற்றை டிக் அடித்து அடுத்த அமர்வுக்குக் கொண்டுவர. கூட்டிப் பார்த்தேன். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல். நான் அப்போது வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தேன். ஓர் அமர்வுக்கு அறுநூறு ரூபாய் கட்டினோம். அதைக் கட்டியவர் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார், குழந்தையின் அப்பா. அவரிடம் அந்தத் தாளை யாரும் நீட்டவில்லை. "சார், நீங்க வேணும்னா வெளிய வெயிட் பண்ணுங்க, மேடம்கிட்ட சொல்லிடறேன்" என்றார் தெரபிஸ்ட். இருபத்துநான்கு வயதுப் பெண். அவரை நான் குற்றம் சொல்லப்போவதில்லை. படிப்பில் அப்படித்தான் பழகியிருப்பார், நாளை அவருக்கும் யாராவது ஒரு தாளை நீட்டுவார்கள்.

இந்தச் சிகிச்சையின் பெயரைத் தமிழில் தொழில்வழிச் சிகிச்சை என்கிறார்கள். மூன்று வயதுக் குழந்தைக்கு என்ன தொழில் என்று கேட்கத் தோன்றும். (தமிழ்த்துறைக்காரி என்பதால் இந்தச் சொல்லோடு மல்லுக்கட்டாமல் இருக்க முடியவில்லை. காத்திருப்புக் கூடத்தில் எங்கள் எல்லோருக்கும் அது 'ஓ.டி.' தான்.) ஒருவர் தன் நாளை எந்தச் செயல்களால் நிரப்பிக்கொள்கிறாரோ அவை எல்லாமே இங்கே ஆக்குபேஷன். உண்பது, உடுப்பது, எழுதுவது எல்லாம் அதில் வரும். குழந்தையின் நாளை நிரப்புவது விளையாட்டு. அதனால் விளையாட்டே சிகிச்சையின் வழியும் ஆகிறது.

கலிபோர்னியாவைச் சேர்ந்த ஜீன் ஏர்ஸ் என்ற பெண்தான் புலன் ஒருங்கிணைப்பு என்ற கோட்பாட்டை உருவாக்கியவர். காணல், கேட்டல் முதலான ஐந்து புலன்களுக்கு அப்பால் இரண்டை அவர் முன்னே கொண்டுவந்தார். உடல் எப்படிச் சாய்கிறது, சுழல்கிறது என்று உள்காது சொல்லும் உணர்வு ஒன்று. கை எங்கே இருக்கிறது, கால் எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்துகிறது என்று தசையும் மூட்டும் சொல்லும் உணர்வு மற்றொன்று. இவற்றை மூளை கோத்துக்கொள்ளத் திணறும்போது குழந்தை சட்டையின் லேபிள் உறுத்துகிறது என்று அலறும், மாடிப்படியில் கால் வைக்க அஞ்சும், ஓயாமல் சுவரில் மோதும். இதைப் பிடிவாதம் என்றும் வளர்ப்பு சரியில்லை என்றும் சொல்லிக்கொண்டிருந்த உலகத்துக்கு, இது நரம்பின் வேலை என்று சொன்னதே பெரிய விடுதலை. ஏர்ஸ் முறையில் குழந்தைதான் வழிநடத்துகிறது. ஊஞ்சலா, பந்துத் தொட்டியா என்பதைக் குழந்தை தேர்ந்தெடுக்கும். எட்டிப்பிடிக்கக்கூடிய தூரத்தில் ஒரு சவாலை வைத்துவிட்டுக் காத்திருப்பது தெரபிஸ்டின் வேலை.

குழந்தை வேண்டாம் என்று எழுந்து போக முடிந்தால்தான் அது விளையாட்டு. டிக் அடிக்கக் கட்டம் போட்டு, நிறைவேறாவிட்டால் அம்மா விளக்கம் சொல்ல வேண்டும் என்றால், அரிசிக்குள் ஒளிந்திருப்பது பொம்மையில்லை, வீட்டுப்பாடம். பாத்திரம் கழுவாமல் கிடக்க, மறுநாள் பாடம் தயாரிக்காமல் இருக்க, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே "தேடு கண்ணு, தேடு" என்று சொல்லும் குரலைக் குழந்தை கண்டுபிடித்துவிடும். என் மகள் கண்டுபிடித்தாள். அரிசியை வாரி என் முகத்தில் வீசினாள். அவளுடைய தசையும் மூட்டும் அன்று நன்றாகவே வேலை செய்தன.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1940களின் இறுதியில் லியோ கானர், ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோரைப் பற்றி எழுதும்போது குளிர்சாதனப் பெட்டியை உவமையாக்கினார். 1967இல் புரூனோ பெட்டல்ஹைம் தன் நூலில் அந்தப் பழியைத் தாயின் தலையில் நிலைநிறுத்தினார். தாயின் அன்பில் குளிர் இருந்ததால் குழந்தை உள்ளே சுருண்டுகொண்டதாம். அந்தக் கோட்பாடு செத்து எத்தனையோ ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் பழி வேறு உடை உடுத்தி வந்திருக்கிறது. அன்று தாய் நோய்க்குக் காரணம், இன்று தாய் மருந்து. மருந்து வேலை செய்யாவிட்டால் யாரைக் கேட்பார்கள்? புலன்சார்ந்த சிகிச்சைகளின் பலன் குறித்த சான்றுகள் போதுமானவையாக இல்லை, இதைப் பெற்றோரிடம் சொல்ல வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2012இல் அறிக்கை வெளியிட்டது. எங்கள் ஊரில் எந்த அம்மாவிடமும் இதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆறு மாதமாகியும் முன்னேற்றம் தெரியவில்லையே என்று கேட்டால் ஒரே ஒரு பதில்தான் வரும்: "வீட்ல ஒழுங்கா பண்றீங்களாம்மா?"

வீட்டில் என்ன நடக்கிறது என்பதற்கு அரசாங்கத்தின் கணக்கே இருக்கிறது. 2019இல் நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதில் ஒரு நாளைக்குச் செலவிடுவது 299 நிமிடம், அதே வேலையில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். பராமரிப்பில் பெண்கள் 134, ஆண்கள் 76. இது சராசரிக் குடும்பத்தின் கணக்கு. இதன்மேல்தான் அந்தத் தாளின் இரண்டு மணி நேரம் ஏறி உட்கார்கிறது. சட்டமும் அதே நாற்காலியைத்தான் போட்டுவைத்திருக்கிறது. மத்திய அரசின் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு 730 நாட்கள். மாற்றுத்திறனாளிக் குழந்தையென்றால் வயது வரம்பும் இல்லை. நல்ல விதி. யாருக்கு? பெண் ஊழியருக்கும், துணையில்லாத ஆண் ஊழியருக்கும். வீட்டில் மனைவி இருக்கும் ஆணுக்குக் குழந்தையைப் பராமரிக்க விடுப்பு எதற்கு என்று விதியே கேட்கிறது. இமாச்சலப் பிரதேசத்தின் அரசுக் கல்லூரியில் பணிபுரியும் உதவிப் பேராசிரியை ஒருவர், எலும்பு நோயுள்ள மகனைப் பார்த்துக்கொள்ள இந்த விடுப்புகூடக் கிடைக்காமல் உச்ச நீதிமன்றம்வரை போனார். பெண்கள் வேலையில் நீடிப்பது சலுகையில்லை, அரசமைப்புச் சட்டத்தின் தேவை என்று 2024இல் நீதிமன்றம் சொன்னது. அதைப் படித்த அன்று எனக்கு நெஞ்சு நிறைந்தது. அதே சமயம், அந்தப் பேச்சு முழுவதிலும் அப்பாக்கள் எங்கே என்ற கேள்வியும் விடவில்லை.

எனக்காவது மாதச் சம்பளம். நூறு நாள் வேலைக்கோ களையெடுப்புக்கோ போகும் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கான தொடக்கநிலைத் தலையீட்டு மையம் மாவட்டத் தலைநகரில் இருக்கிறது. நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை, சரி. போன நாளின் கூலியை யார் தருவது? மாற்றுத்திறனாளிப் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய், அதுவும் தகுதி பெற்றவர்களுக்கு மட்டும். அந்தப் பெண்ணின் கையிலும் 'அம்மா செய்ய வேண்டியவை' தாளைத்தான் கொடுத்தனுப்புகிறோம். அவள் வராமல் நின்றுவிட்டால் கோப்பில் 'பெற்றோர் ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதுவார்கள்.

இந்த இடத்தில் வாட்ஸ்அப் பாட்டிகள் வந்துவிடுவார்கள். நம் முன்னோர் அன்றே கண்டுபிடித்துவிட்டார்கள், பல்லாங்குழி விரல்களுக்கு, நொண்டி சமநிலைக்கு, தட்டாமாலை உள்காதுக்கு, கிச்சுக்கிச்சுத் தாம்பாளம் தொடுவுணர்வுக்கு என்று. விளையாட்டுகளின் பயன் உண்மைதான், மறுக்கவில்லை. பிள்ளைத்தமிழின் செங்கீரைப் பருவத்தை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் நானே வியப்பேன். ஐந்தாம் மாதம், ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கைகளை நிலத்தில் ஊன்றித் தலைநிமிர்ந்து ஆடும் குழந்தை. ஒன்பதாம் மாதம் சப்பாணி, இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுதல். மையங்களின் சுவரில் தொங்கும் வளர்ச்சி அட்டவணைக்கு இதில் ஒன்றும் குறையில்லை. ஆனால் கடைசி மூன்று பருவங்களுக்கு வாருங்கள். ஆண்பாலுக்குச் சிறுபறை, சிற்றில், சிறுதேர். பறையை முழக்குகிறான், தேரை உருட்டுகிறான், நடுவில் சிறுமிகள் மணலில் கட்டிய சிற்றிலைக் காலால் சிதைக்கிறான். சிதைக்காதே என்று அவர்கள் கெஞ்சுவதுதான் அந்தப் பருவத்தின் பாட்டே. பெண்பாலுக்கு அம்மானை, கழங்கு, ஊசல் போன்றவை. ஊசல் ஒன்றுதான் உடலை வீசி ஆடுவது, அதுவும் கட்டிய கயிற்றின் எல்லைக்குள். பல்லாங்குழியும் பல வீடுகளில் வயதுக்கு வந்த பெண்ணை வெளியே விடாமல் உட்காரவைக்க உதவிய பலகைதான். தூளியை இன்று எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். உடலை அணைத்துப் பிடிக்கிறது என்று அதே வேலையைச் செய்யும் லைக்ரா ஊஞ்சலை மையங்களில் வாங்கி மாட்டுகிறார்கள். வயலோரம் மரக்கிளையில் தூளி கட்டிய பெண் புலன் ஒருங்கிணைப்புக்காகக் கட்டவில்லை. குழந்தையைக் கீழே விட்டுவிட்டு நாற்று நட வேண்டியிருந்தது.

காத்திருப்புக் கூடத்தில் நான் கவனித்த இன்னொன்று, பையன்களின் கூட்டம். ஆட்டிசம் பையன்களிடம் அதிகம் கண்டறியப்படுகிறது என்பது தெரிந்ததே. பெண் குழந்தைகள் கண்ணில் படாமல் போகிறார்கள் என்பதையும் இத்துறையில் இப்போது பேசுகிறார்கள். நம் வீடுகளில் அது எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியும். மூலையில் உட்கார்ந்து வளையல்களை வரிசையாக அடுக்கிக்கொண்டே இருக்கும் பெண் குழந்தைக்கு நம் மொழியில் ஒரு பெயர் இருக்கிறது, 'சமத்து'. என் மகளையும் சொன்னார்கள், அத்தைகளும் பெரியம்மாக்களும். பேசவில்லையே என்றேன். பொம்பளப்புள்ள அமைதியா இருந்தா நல்லதுதானே என்றார்கள். பையன் பேசாவிட்டால் குடும்பமே காரில் ஏறுகிறது. பெண் பேசாவிட்டால் வரன் அமைவது எளிது.

அப்படியானால் வீட்டில் எதுவுமே செய்யக் கூடாதா என்று கேட்பார்கள். செய்யலாம். அதைக் கேட்க வேண்டிய இடங்கள் வேறு என்கிறேன். தமிழ்நாட்டில் 54,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன. குழந்தைகள் ஏற்கெனவே கூடும் இடம், மற்றக் குழந்தைகளோடு விளையாட முடிகிற இடம். அம்மா எவ்வளவு முயன்றாலும் இன்னொரு மூன்று வயதுக் குழந்தையாக மாற முடியாது. ஊஞ்சலும் மணல்தொட்டியும் அங்கே வரட்டும், வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில் சம்பளம் வாங்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் அங்கே வரட்டும். இந்தத் தாளை அப்படியே அங்கன்வாடிப் பணியாளரின் கையில் மாற்றிக் கொடுத்துவிட்டுக் கைகழுவுவதையும் நான் ஏற்கமாட்டேன். முழு அரசு ஊழியர் என்ற தகுதிக்காக இன்னும் போராடிக்கொண்டிருக்கும் பெண்கள் அவர்கள். ஒரு பெண்ணின் சுமையை இன்னொரு பெண்ணின் தலைக்கு மாற்றுவது இந்த நாட்டில் மிகச் சுலபமான சீர்திருத்தம்.

விளையாட்டு குழந்தையின் உரிமை என்று ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு சொல்கிறது. இந்தியா அதை 1992இல் ஏற்றுக்கொண்டது. அதே பிரிவில் ஓய்வுக்கான உரிமையும் இருக்கிறது. சிகிச்சைக்கும் பள்ளிக்கும் வீட்டுப் பயிற்சிக்கும் இடையில் ஓடும் குழந்தைக்கு அந்த ஓய்வு எப்போது என்று எந்தத் தாளிலும் கட்டமில்லை. அம்மாவுக்கும் இல்லை.

இரண்டாவது மாதம் அந்தத் தாளில் 'அம்மா' என்ற சொல்லைப் பேனாவால் அடித்துவிட்டு, பதினொரு வேலைகளுக்கும் எதிரே பெயர்களை எழுதினேன். பிரஷ், அப்பா. தலையணை மலை, மாமா, ஞாயிறு மட்டும். மாவு, தாத்தா. அவருக்கு எழுபத்திரண்டு வயதுவரை மாவு பிசையத் தெரியாது, பேத்தியோடு சேர்ந்து கற்றுக்கொண்டார். நான்கு வேலைகளுக்கு எதிரே 'யாருமில்லை' என்று எழுதி, அப்படியே தெரபிஸ்டிடம் கொடுத்தேன். அவர் நீண்ட நேரம் பார்த்தார். "இப்படி யாரும் எழுதித் தந்ததில்ல மேடம்" என்றார். பிறகு அந்த நான்கையும் தாளிலிருந்து எடுத்துவிட்டார்.