“உனக்கென்ன?” என்ற கேள்விக்கு ஆப்பிரிக்கா சொன்ன பதில்



பக்கத்து லயத்துக்காரனுக்காக வாய் திறந்தவனைப் பார்த்துத் தோட்டத்துக் கிராணி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “உனக்கென்ன?” உன் கூலியையா பிடித்தார்கள்? உன் வீட்டையா இடித்தார்கள்? உன் வேலையைப் பார்த்துக்கொண்டு போ!

1966-இல் ஆப்பிரிக்காவைப் பார்த்து இதே கேள்வியைக் கேட்டது ஒரு கிராணி அல்ல, ஹேக் நகரில் உள்ள அனைத்துலக நீதிமன்றம்!

இன்றைய நமீபியாவுக்கு அன்று தென்மேற்கு ஆப்பிரிக்கா என்று பெயர். முதல் உலகப் போருக்குப் பின் அதை ஜெர்மனியிடமிருந்து எடுத்து, அந்த மக்களின் நலனைக் காக்கும் பொறுப்போடு தென்னாப்பிரிக்காவிடம் ஒப்படைத்தார்கள். அங்கிருந்த வெள்ளையர் ஆட்சி என்ன செய்தது? தன் நிறவெறிச் சட்டங்களை அங்கேயும் கொண்டுபோய்த் திணித்தது. 1960-இல் எத்தியோப்பியாவும் லைபீரியாவும் வழக்குப் போட்டன. ஆறு ஆண்டுகள் வாதம் நடந்தது. நீதிபதிகள் ஏழுக்கு ஏழு என்று பிரிந்து நின்றார்கள். கடைசியில் நீதிமன்றத் தலைவராக இருந்த ஆஸ்திரேலியர் பெர்சி ஸ்பெண்டரின் கூடுதல் ஓட்டில் வழக்கு தள்ளுபடி ஆனது. நிறவெறி சரியா தவறா என்று தீர்ப்பு சொல்லவே இல்லை. இந்த விவகாரத்தில் உங்கள் இரு நாடுகளுக்கும் சட்டப்படியான உரிமையோ அக்கறையோ இல்லை என்று கதவைச் சாத்திவிட்டார்கள். சட்டம் படித்தவர்கள் இதற்கு ‘வழக்குத் தொடுக்கும் தகுதி’ என்று கௌரவமாகப் பெயர் வைத்திருக்கிறோம். தோட்டத்துப் பாஷையில் சொன்னால், உனக்கென்ன?

ஆப்பிரிக்க நாடுகள் அழுதுகொண்டு வீட்டுக்குப் போகவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் ஐ.நா. பொதுச்சபையில் ஒன்று திரண்டு, தென்னாப்பிரிக்காவுக்கு அந்த மண்ணில் இருந்த அதிகாரத்தையே ரத்து செய்ய வைத்தன. 1971-இல், தென்னாப்பிரிக்கா அங்கே இருப்பது சட்டவிரோதம் என்று அதே நீதிமன்றம் கருத்துரைத்தது. 1990-இல் நமீபியா விடுதலை பெற்றது. மனித உரிமை மேல்நாட்டுச் சரக்கு, நம் ஆசியப் பண்புக்கு ஒத்துவராது என்று நமக்குப் பாடம் நடத்திய தலைவர்கள் இந்த வரலாற்றைப் படித்ததுண்டா?

இப்போது காம்பியாவுக்கு வருவோம். மேற்கு ஆப்பிரிக்காவில் ஓர் ஆற்றின் இரு கரையோடு முடிந்துவிடும் சின்ன நாடு. மக்கள் தொகை சுமார் 25 லட்சம். 22 ஆண்டு யஹ்யா ஜம்மேயின் சர்வாதிகாரத்தில் கிடந்து, 2017 ஜனவரியில்தான் மூச்சு விட்டது. அந்த ஆண்டு ஆகஸ்டு முதல் பர்மா ராணுவத்துக்கு அஞ்சி 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ரொஹிங்யா மக்கள் வங்காளதேசத்துக்கு ஓடினார்கள். 2018-இல் அந்த முகாம்களுக்குப் போன காம்பியாவின் நீதி அமைச்சர் அபூபக்கர் தம்பாது, அவர்கள் பட்டதை அவர்கள் வாயாலேயே கேட்டார். ருவாண்டா இனப்படுகொலை வழக்குகளை நடத்திய ஐ.நா. தீர்ப்பாயத்தில் வேலை செய்தவர் அவர். கேட்டது என்னவென்று அவருக்குப் புரிந்தது. 2019 நவம்பரில் காம்பியா வழக்குப் போட்டது. பர்மா என்ன சொன்னது? காம்பியாவுக்கு ஒரு பாதிப்பும் இல்லையே, அதற்கென்ன வந்தது? அதே பழைய கேள்வி! 2022 ஜூலையில் நீதிமன்றம் அதைத் தள்ளியது. இனப்படுகொலையைத் தடுப்பது ஒப்பந்தத்தில் சேர்ந்த ஒவ்வொரு நாட்டின் அக்கறை என்றது. 56 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த பதில் இது. 2023 டிசம்பரில் காஸாவுக்காக இஸ்ரேல் மீது வழக்குப் போட்ட நாடு எது தெரியுமா? 1966-இல் பிரதிவாதியாக நின்ற அதே தென்னாப்பிரிக்கா, விடுதலைக்குப் பின்!

ஆப்பிரிக்கத் தலைவர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. டார்ஃபூர் படுகொலைகளுக்காக அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றம் 2009-இல் சூடான் அதிபர் பஷீருக்குப் பிடியாணை போட்டது. அவரைப் பிடித்துக் கொடுக்க ஒத்துழைக்க மாட்டோம் என்று ஆப்பிரிக்க ஒன்றியம் தீர்மானம் போட்டது. 2015-இல் ஜோகன்னஸ்பர்க் மாநாட்டுக்கு வந்த பஷீரை நாட்டை விட்டுப் போக விடக்கூடாது என்று உள்ளூர் நீதிமன்றம் உத்தரவிட்டும் தென்னாப்பிரிக்க அரசு அவரைப் பறக்க விட்டது. வேலிக்கு ஓணான் சாட்சி! அவர்கள் சொன்ன குறையில் நியாயம் இருந்தது உண்மைதான். டார்ஃபூரை அந்த நீதிமன்றத்துக்கு அனுப்பிய ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் நிரந்தர உறுப்பினர்களில் அமெரிக்காவும் ரஷ்யாவும் சீனாவும் அதில் சேராதவை. தான் ஏறாத கூண்டில் அடுத்தவனை ஏற்றுவது அநியாயம்தான். அதற்காக டார்ஃபூரில் செத்தவனும் ஆப்பிரிக்கன்தானே என்பதை மறக்கலாமா?

ஆனாலும் ருவாண்டாவில் 1994-இல் லட்சக்கணக்கானோர் வெட்டிக் கொல்லப்பட்டதைப் பார்த்த அந்தக் கண்டம், 2000-இல் எழுதிய தன் ஒன்றியச் சட்டத்தில் ஒரு வாசகத்தைச் சேர்த்தது. போர்க்குற்றமோ இனப்படுகொலையோ நடந்தால் உறுப்பு நாட்டில் தலையிட ஒன்றியத்துக்கு உரிமை உண்டு. செயலில் எவ்வளவு பின்தங்கினாலும் எழுத்தில் அது இருக்கிறது. நம் ஆசியான் சாசனத்தில் 2007-இல் என்ன எழுதினார்கள்? உறுப்பு நாடுகளின் உள்விவகாரத்தில் தலையிடக்கூடாது!

ரொஹிங்யாக்கள் லட்சம் பேருக்கு மேல் அகதிகளாக இருக்கும் மலேசியா ஏன் பர்மா மீது வழக்குப் போடவில்லை? விஷயம் இருக்கிறது. 1994-இல் இனப்படுகொலைத் தடுப்பு ஒப்பந்தத்தில் சேர்ந்தபோதே, தன்னைச் சம்பந்தப்படுத்தும் எந்த வழக்கும் தன் சம்மதம் இல்லாமல் அனைத்துலக நீதிமன்றத்துக்குப் போகக்கூடாது என்று மலேசியா நிபந்தனை எழுதி வைத்தது. அடுத்த ஆண்டு சேர்ந்த சிங்கப்பூரும் அப்படியே. இந்த நிபந்தனை வைத்த நாடு வழக்குப் போட்டால், எதிராளியும் அதே நிபந்தனையைக் காட்டித் தப்பிக்கலாம். காம்பியாவோ எந்த நிபந்தனையும் வைக்காமல் சேர்ந்த நாடு. குற்றவியல் நீதிமன்ற ஒப்பந்தத்தில் மலேசியா 2019 மார்ச்சில் கையெழுத்துப் போட்டு ஏப்ரலிலேயே பின்வாங்கிய கூத்து உங்களுக்கு நினைவிருக்கும். தென்னாப்பிரிக்கா இஸ்ரேல் மீது வழக்குப் போட்டபோது மட்டும் புத்ராஜெயா வரவேற்று அறிக்கை விட்டது.

ஓட்டுக் கேட்டு உங்கள் வாசலுக்கு வருகிறவரிடம் தார்ரோடு, சாக்கடையோடு இதையும் கேளுங்கள். 1994-இல் எழுதிய அந்த நிபந்தனை யாரைக் காப்பாற்ற? அதை நீக்கக் கோரி அவர் நாடாளுமன்றத்தில் எழுந்து பேசுவாரா, மாட்டாரா?