சாவி யார் கையில்?

சாராயக் கேனை அவனே கொண்டுவந்து சேரிக் குடிசைக்குள்ள வைப்பான். மறுநாள் அவனே வந்து 'கண்டெடுப்பான்'. பொய்க்கேசு நம்ம சனங்களுக்குப் புதுசில்லை. புதுசு என்னவென்றால், இப்போது குடிசைக்குள் கால் வைக்கவே தேவையில்லை. எங்கோ உட்கார்ந்தபடி நம் கம்ப்யூட்டருக்குள் வைத்துவிடலாம்.

பீமா கோரேகான் வழக்கைப் பாருங்கள். பேஷ்வா படையோடு மோதிய மகர் வீரர்களின் 200-ஆம் ஆண்டு நினைவுக்காக 2018 ஜனவரி 1 அன்று கூடிய தலித்துகள் தாக்கப்பட்டார்கள். ஜூன் மாதம் உள்ளே போனது யார்? தலித் வழக்கறிஞர் சுரேந்திர காட்லிங், 'வித்ரோஹி' பத்திரிகை நடத்திய கவிஞர் சுதிர் தவாலே, ரோனா வில்சன் உள்ளிட்ட ஐந்து பேர். 2020-ல் ஆனந்த் தெல்தும்ப்டே. அதே ஆண்டில் நம்ம திருச்சிப் பக்கத்து ஸ்டான் சுவாமி. சுவாமி 2021 ஜூலை 5-ல் காவலில் இருந்தபடியே உயிர்விட்டார்.

முக்கியச் சாட்சியம், வில்சனின் லேப்டாப்பில் இருந்த கடிதங்கள். அமெரிக்காவின் ஆர்சனல் தடயவியல் நிறுவனம் 2021 பிப்ரவரியில் அறிக்கை தந்தது. 2016 ஜூன் 13-ல் வந்த ஒரு மின்னஞ்சல் இணைப்பைத் திறந்ததும் 'நெட்வயர்' என்ற நிரல் உள்ளே புகுந்தது. 22 மாதம் எந்திரம் வேறொருவன் பிடியில் இருந்தது. கடிதங்கள் மறைவான ஒரு கோப்புறையில் வைக்கப்பட்டன. வில்சன் அவற்றைத் திறந்ததற்குத் தடயமே இல்லை என்கிறது அறிக்கை. என்.ஐ.ஏ. இதை ஏற்கவில்லை.

தூரத்திலிருந்து எந்திரத்தை இயக்குவது தப்பில்லை. ஸ்ரீவைகுண்டத்தில் உட்கார்ந்து நான் தட்டுகிற கணக்கு எங்கோ ஒரு ஊர் எந்திரத்தில்தான் பதிவாகிறது. ஆனால் வங்கிப் பெட்டக அறைக்கு இரண்டு சாவி. இரண்டு பேர் கையில். கேள்வி அதுதான்: சாவி யார் கையில்?

முன்பு 'டெல்நெட்' வழியாகப் போன பாஸ்வேர்டு தபால் கார்டு மாதிரி. எங்கப்பா காலத்தில் ஊர்த்தெரு படித்து முடித்த பிறகுதான் கார்டு சேரிக்கு வரும். 1995-ல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இப்படிப் பாஸ்வேர்டுகள் திருடுபோயின. அங்கிருந்த டாட்டு யூலோனன் எழுதியதுதான் எஸ்.எஸ்.எச். 1999-ல் ஓப்பன்எஸ்எஸ்எச் வந்தது. இன்றும் யாருக்கும் இலவசம். பொதுச் சாவியை ஊருக்கே கொடுக்கலாம். தனிச் சாவி உன்னை விட்டு வெளியே போகாது. வழியில் ஒட்டுக்கேட்பவனுக்குக் கிடைப்பது புரியாத எழுத்துக் குப்பை. கோப்பு அனுப்ப அதன் மேலேயே எஸ்.எப்.டி.பி. இருக்கிறது.

"நம்மகிட்ட மறைக்க என்ன இருக்கு தோழர்?" என்கிறார்கள். இருக்கிறது. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுத்த பெண்ணின் வாக்குமூலம் இருக்கிறது. சாட்சிகளின் பெயரும் தெருவும் இருக்கின்றன. அதை ஜெராக்ஸ் கடை எந்திரத்தில் இறக்கி அச்செடுத்துவிட்டு அப்படியே விட்டு வருகிறோம். கடைக்காரர் எந்தத் தெரு? மறைப்பதற்கு ஒன்றுமில்லை என்பவன், தன்னிடம் எதையும் கொண்டுவந்து வைக்கவும் இடம் கொடுக்கிறான்.

பூட்டு மட்டும் போதாது என்பதும் உண்மை. எஸ்.எஸ்.எச். பாதையைத்தான் காக்கும், நாமே கதவைத் திறந்து உள்ளே விட்டவனை அது தடுக்காது. வில்சனுக்கு வந்த அஞ்சலும் தெரிந்தவர் கணக்கிலிருந்துதான் வந்தது. தோழர் பெயரில் இணைப்பு வந்தாலும் போன் போட்டுக் கேட்டுவிட்டுத் திற. புது எந்திரத்தோடு முதலில் இணையும்போது அடையாள எண் காட்டும். சரிபார்க்காமல் 'யெஸ்' தட்டாதே.

மாணவத் தோழர்களே, இது எஞ்சினியர் வேலை என்று ஒதுங்காதீர்கள். மாவட்டத்துக்கு இரண்டு பேர் கற்றால் போதும், மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். நம் இயக்க அலுவலகச் சுவர்களில் அம்பேத்கர் படம் தொங்குகிறது. பக்கத்திலேயே துண்டுச்சீட்டில் பாஸ்வேர்டு ஒட்டியிருக்கிறது. முதலில் அந்தச் சீட்டைக் கிழியுங்கள்.