சீனியாரிட்டியும் திராட்சைத் தோட்டமும்

மத்தேயு 20-ஆம் அதிகாரத்துத் திராட்சைத் தோட்ட உவமை என்னைப் போன்ற குமாஸ்தாக்களுக்குச் சுலபத்தில் செரிக்காது. விடியற்காலையில் வந்தவனுக்கும் ஒரு தெனாரியம், மாலை ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் அதே ஒரு தெனாரியம். கடைசியில் வந்தவனுக்கே முதல் பட்டுவாடா வேறு! எங்கள் ஆபீசில் இப்படி நடந்திருந்தால் சங்கம் சும்மா விட்டிருக்குமா?

ஆனால் கவனியுங்கள், முதலாளி யார் கூலியிலும் கைவைக்கவில்லை. பேசியதைக் கொடுத்தார். பக்கத்து ஆளின் கையைப் பார்த்த பிறகுதான் வயிற்றெரிச்சல் வந்தது.

கோயில் விஷயத்தில் நாமும் அப்படித்தான். இத்தனை வருஷப் பூசை, இத்தனை நவநாள், மின்விசிறி இறக்கையில் 'உபயம்' என்று பெயர். மோட்சத்திலும் சர்வீஸ் ரிஜிஸ்டர் இருப்பதாக நினைப்பு.

லிசியே கார்மேல் மடத்தின் சுவர்களுக்குள் ஒன்பது வருஷம் வாழ்ந்து, 1897-இல் 24 வயதில் இறந்தவர் குழந்தை தெரேசாள். தன் நற்செயல்களை எண்ண வேண்டாம், வெறுங்கையோடு வருகிறேன் என்றுதான் அவர் ஆண்டவரிடம் வேண்டினார். அவரைத்தான் 1997-இல் திருச்சபையின் மறைவல்லுநர் என்று அறிவித்தார்கள்.

பிரெஞ்சில் அருளுக்கு 'கிராஸ்', இலவசத்துக்கு 'கிராத்துய்'. இரண்டுக்கும் வேர் ஒன்றே. நம் பழைய செபத்தில் அது 'பிரியதத்தம்', பிரியமாய்த் தத்தம் செய்தது. 'அருள்' என்று மாற்றியதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

நற்செயல் வேண்டாம் என்று சொல்லவில்லை; செயலில்லாத விசுவாசம் செத்தது என்று யாக்கோபு எழுதியிருக்கிறார். ஈஸ்டருக்கு மட்டும் கோயிலுக்கு வருகிறவரைப் பார்த்து முணுமுணுக்கிறோமே, அதைத்தான் சொல்கிறேன். அவரும் ஐந்து மணி ஆசாமிதான். பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்காரலாம்.