கடைக்குப் பெயர்ப்பலகை, மீட்புக்கு முகவரியில்லை

பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை நிற்கிறது. 18 ஆண்டுகள் மூடி வைக்கப்பட்டு, 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்ட சிலை அது. கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியவர் வள்ளுவர். அவர் நிற்கும் அல்சூரில் மதுக்கடையைத் தேடி எவரும் அலைய வேண்டியதில்லை. கடைக்கு விளக்கு எரியும் பெயர்ப்பலகை உண்டு. திறக்கும் நேரம் உண்டு. அரசின் உரிமமும் உண்டு.

அதே அல்சூரில் ஒரு கட்டடத் தொழிலாளியோ ஆட்டோ ஓட்டுநரோ குடியை விட்டுவிட வேண்டும் என்று முடிவெடுத்தால் எங்கே போவது? மனைவி அக்கம்பக்கத்தில் தயங்கித் தயங்கிக் கேட்கிறார். குடியிலிருந்து மீண்ட யாரோ ஒருவர், மாலை வேளையில் ஒரு பள்ளி வகுப்பறையிலோ தேவாலய வளாகத்திலோ கூடும் கூட்டத்தைப் பற்றிச் சொல்கிறார். வாய்வழிச் செய்தி எட்டியவர் பிழைக்கிறார். எட்டாதவர் மீண்டும் கடைக்கே போகிறார்.

அந்தக் கூட்டங்கள் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் எனும் அமைப்பைச் சேர்ந்தவை. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியால் சீரழிந்த பங்குத் தரகர் ஒருவரும் மருத்துவர் ஒருவரும் ஒருவரையொருவர் தாங்கிப் பிடித்ததில் பிறந்த அமைப்பு. கட்டணம் இல்லை. முழுப்பெயரையோ சாதியையோ எவரும் கேட்பதில்லை. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே உறுப்பினராகத் தகுதி. அறை வாடகையும் தேநீர்ச் செலவும் உறுப்பினர்கள் போடும் காசிலிருந்தே. வெளியார் நன்கொடையைப் பெறுவதில்லை. குடிநோயாளியின் குடும்பத்தினருக்கென அல்-அனான் என்ற தனி அமைப்பும் உண்டு.

இது வெறும் ஆறுதல் பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்ற 27 ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, குடியை அறவே விட்டிருப்பதில் இந்த வழிமுறை பிற உளவியல் சிகிச்சைகளுக்கு இணையாகவோ மேலாகவோ பயனளிப்பதாகக் கண்டது. கூட்டங்களில் ‘உயர்ந்த சக்தி’ பற்றிப் பேசப்படுகிறதே என்று பகுத்தறிவாளர்கள் முகம் சுளிக்கலாம். அச்சக்தியை அவரவர் புரிதலுக்கே அந்த அமைப்பு விட்டுவிடுகிறது. தனித்து விழுந்தவன் கூடி எழுகிறான் என்பதே அங்கு நடப்பது. இது உழைப்பாளிகளின் இயக்கத்துக்குப் புதிய பாடமும் அல்ல.

கேள்வி அரசை நோக்கியது. 2025-26 நிதியாண்டில் கர்நாடகக் கலால் துறைக்கு சித்தராமையா அரசு வைத்த வருவாய் இலக்கு 40,000 கோடி ரூபாய். முந்தைய ஆண்டின் இலக்கு 38,525 கோடி. தமிழ்நாட்டில் டாஸ்மாக் வழியே 2024-25இல் வந்த வருவாய் 48,344 கோடி. ஆட்சி எக்கட்சியுடையதாயினும், குடிக்க வைப்பதற்கு ஆண்டுதோறும் இலக்கு உயர்கிறது. எத்தனை பேரை மீட்பது என்பதற்கு இலக்கு வைத்த அரசு எது? மதுவிலக்கை நோக்கி முயல வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 47ஆம் பிரிவு. மது அடிமைத்தனத்தையும் உள்ளடக்கி, அரசு நடத்தும் மனநலச் சிகிச்சையைப் பெறுவது மக்களின் உரிமை என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். நடைமுறை என்ன? எய்ம்ஸ் நடத்திய தேசிய ஆய்வின் 2019 அறிக்கைப்படி, மதுவுக்கு அடிமையானோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெறுகிறார்.

சிகிச்சையின்றிக் கூட்டம் மட்டும் போதாது. நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், உயிரும் போகலாம். முதல் சில நாட்களுக்கு மருத்துவக் கண்காணிப்பு தேவை. பெங்களூருவிலேயே நிம்ஹான்ஸ் இருக்கிறது. அடிமைமீட்புக்கென அதில் தனி மையமும் இருக்கிறது. ஆனால் தினக்கூலியை இழந்து படுக்கையில் கிடக்க எத்தனை தொழிலாளிகளால் முடியும்?

தடை போட்டால் தீரும் என்பவர்களும் வரலாற்றைப் பார்க்கட்டும். கர்நாடகத்தில் 2007 ஜூலை 1 அன்று சாராயம் தடை செய்யப்பட்டது. குடிநோயாளியின் கைநடுக்கத்துக்கு மருந்து தராமல் மலிவான சரக்கை மட்டும் பிடுங்கினார்கள். மறு ஆண்டே பெங்களூரு, கோலார், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் கள்ளச்சாராயம் நூற்றுக்கும் மேற்பட்ட ஏழைகளைக் கொன்றது. விற்றாலும் தடுத்தாலும் சாவது உழைப்பவனே.

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. ஒவ்வொரு மதுக்கடை வாயிலிலும் அருகிலுள்ள சிகிச்சை மையம், மீட்புக் கூட்டம் ஆகியவற்றின் முகவரியும் டெலி மானஸ் உதவி எண் 14416ம் கன்னடத்திலும் தமிழிலும் எழுதப்பட வேண்டும். கலால் வருவாயில் ஒரு பங்கு சட்டப்படி சிகிச்சைக்கு ஒதுக்கப்பட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்தும் பயிற்சி பெற்ற மருத்துவரும் இருக்க வேண்டும். சிகிச்சைக் காலத்துக்குக் கூலி இழப்பீடு வேண்டும். மாலையில் பூட்டிக் கிடக்கும் அரசுப் பள்ளி அறைகள் கூட்டங்களுக்குத் திறக்கப்பட வேண்டும்.

இவை கிடைக்கும்வரை தொழிற்சங்கங்களுக்கும் கடமை உண்டு. குடித்துவிட்டு வேலைக்கு வந்த தோழரைப் பழிப்பது எளிது. தொழிலாளர் நீதிமன்றத்தின் முகவரியை அறிந்து வைத்திருப்பதுபோல மீட்புக் கூட்டத்தின் முகவரியையும் கிளைச் செயலாளர் அறிந்திருக்க வேண்டும். முதல் மாலையில் அந்த வாசல்வரை உடன் நடந்து செல்ல ஒருவரை அனுப்பவும் வேண்டும். தனியாகக் கடைக்குப் போய்ப் பழகிய கால்களுக்கு, கூட்டத்தின் முதல் படியை ஏறத்தான் துணை வேண்டும்.