பெட்டியில் அச்சிடப்படாத திகதி

பால்மா வாங்கும் தாய், பெட்டியைத் திருப்பி, அதிலே பொறிக்கப்பட்டுள்ள திகதியைப் பார்த்தே வாங்குகிறாள். மருந்துக் குப்பியிலும் திகதி உண்டு. திகதி கடந்த பொருளை விற்கும் சில்லறை வியாபாரியை நீதிமன்றம் தண்டிக்கிறது. ஆயின், ஓர் ஆசிரியரின் ஒரு மாதச் சம்பளத்தை முழுதாக விழுங்கிவிடும் பொருளொன்று நம் கடைகளிலே திகதி எதுவுமின்றி விற்கப்படுகிறது. அதற்கும் ஆயுள் வரையறுக்கப்பட்டே இருக்கிறது. அவ்வரையறை செய்தவனுக்குத் தெரியும். விற்பவனுக்கு அரைகுறையாகத் தெரியும். வாங்குபவனுக்கு மட்டும் தெரியாது. ஸ்மார்ட் கைத்தொலைபேசியே அப்பொருள்.

எமக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவர், 2020 ஆம் ஆண்டிலே பாடசாலைகள் மூடப்பட்டுப் பாடங்கள் தொலைபேசிக்கு இடம்மாறியபோது, மாதத் தவணைக்கு ஒன்றை வாங்கினார். தவணைப் பணம் கட்டி முடியுமுன்னரே அதற்குரிய கடைசி மென்பொருள் இற்றைப்படுத்தலும் வந்து முடிந்துவிட்டது; அது அவருக்குத் தெரியாது. அண்மையில் ஒருநாள் வங்கியின் செயலி திறக்க மறுத்தது. ‘உமது இயங்குதளம் பழையது, இற்றைப்படுத்துக’ என்றது செயலி. இற்றைப்படுத்த முயன்றால், ‘உமது தொலைபேசி புதிய நிலையிலேயே உள்ளது’ என்றது தொலைபேசி. விற்ற கடைக்குப் போனார். உத்தரவாதக் காலம் முடிந்தது, சேவை நிலையத்துக்குப் போங்கள் என்றனர். சேவை நிலையத்திலே, திருத்துவதற்கு இதில் பழுதொன்றும் இல்லையே என்றனர். நிறுவனத்துக்கு எழுதினார், தங்கள் கருத்துக்கு நன்றி என்று இயந்திரமொன்று பதில் எழுதியது. திரை உடையவில்லை, மின்கலம் வீங்கவில்லை. ஆயினும் அத்தொலைபேசி இறந்துவிட்டதென்று எங்கோ ஓர் அலுவலகத்தில் எழுதப்பட்டுவிட்டது.

நம்மவருள் சிலர் இதைக் கேட்டு நகைப்பர். ஆடம்பரப் பொருளை வாங்கிய நடுத்தர வர்க்கத்தானின் முணுமுணுப்பு இது. நிலமும் கூலியும் பற்றிப் பேச வேண்டிய பக்கங்களிலே இதற்கு என்ன இடம் என்பர். இவ்வாறு பேசுவோர் கடந்த பத்தாண்டு காலத்து வாழ்க்கையைக் கண்திறந்து பாராதவர் என்றே கூறவேண்டும். 2020 ஆம், 2021 ஆம் ஆண்டுகளிலே, அலைவரிசை தேடிப் பாறைமீதும் மரத்தின்மீதும் ஏறியிருந்து பாடம் படித்த பிள்ளைகள் இந்நாட்டு ஏழைக் கிராமங்களின் பிள்ளைகளே. வளைகுடா நாட்டிலே வீட்டு வேலை செய்யும் தாய் தன் குழந்தையின் முகத்தைக் காண்பது அச்சிறு திரையிலேதான். முச்சக்கர வண்டி ஓட்டுபவருக்குச் சவாரி வருவதும் அதன் வழியேதான். உழைப்பதற்கும் கற்பதற்கும் இன்றியமையாததாகிவிட்ட கருவியை ஆடம்பரம் என்று ஒதுக்குவது, வறியவனின் தேவையை அவனைக் கேளாமலே தீர்மானிக்கும் மனப்பான்மையாகும். பணம் படைத்தவனுக்கு இப்பிரச்சினை பிரச்சினையே அன்று. அவன் ஆண்டுதோறும் புதியது வாங்குகிறான். பழையதை வைத்து வாழவேண்டியவனுக்கே அது பிரச்சினை.

இற்றைப்படுத்தல் என்பது புதிய வர்ணமும் புதிய அலங்காரமும் என எண்ணுவோர் பலர். உண்மை வேறு. எந்த மென்பொருளிலும் ஓட்டைகள் இருக்கும். அவை காலப்போக்கிலேயே கண்டறியப்படும். 2015 ஆம் ஆண்டிலே ‘ஸ்டேஜ்ஃபிரைற்’ எனப் பெயர்பெற்ற ஓட்டையொன்று அன்ட்ரொயிட் தொலைபேசிகளிலே கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு குறுஞ்செய்தியோடு வரும் காணொளியின் மூலமே பிறர் தொலைபேசிக்குள் புகுவதற்கு அது வழிதிறந்தது. கோடிக்கணக்கான கருவிகள் அந்த ஆபத்துக்கு உட்பட்டிருந்தன. அதன் பின்னரே கூகுளும் சாம்சங்கும் மாதந்தோறும் பாதுகாப்புத் திருத்தங்கள் வெளியிடுவதாக அறிவித்தன. திருத்தம் வெளியாகும்போது ஓட்டை எங்கே இருக்கிறது என்பதும் உலகுக்கு வெளியாகிறது. திருத்தம் பெற்றவன் கதவை அடைத்துக்கொள்கிறான்; பெறாதவனின் வீட்டு வாசலோ திருடனுக்கு அடையாளம் காட்டப்படுகிறது. ஆதலின் இற்றைப்படுத்தலை நிறுத்துவது, பூட்டுச் செய்தவன் வாங்கியவனை நடுவழியிலே கைவிடுவதற்கு ஒப்பாகும்.

உற்பத்தியாளர் இதற்கு மூன்று சமாதானங்கள் கூறுவர்.

முதலாவது, தொழில்நுட்பச் சமாதானம். அன்ட்ரொயிட் இயங்குதளத்தைக் கூகுள் வெளியிடுகிறது. அதனைத் தன் சில்லுக்கு ஏற்றவாறு குவல்கொம், மீடியாரெக் போன்ற சில்லு நிறுவனம் பொருத்தவேண்டும். அதன்மேல் தொலைபேசி நிறுவனம் தன் வேலையைச் செய்யவேண்டும். சில்லு நிறுவனம் கைவிட்டால் நாம் என் செய்வோம் என்று தொலைபேசி நிறுவனம் கையை விரிக்கிறது. இச்சங்கிலி உண்மையே. ஆனால், அது அறுக்கமுடியாத சங்கிலி என்பது பொய். நெதர்லாந்திலே ‘பெயர்போன்’ என்னும் சிறிய நிறுவனமொன்று 2015 ஆம் ஆண்டிலே வெளியிட்ட தனது இரண்டாம் மாதிரிக்கு, சில்லு நிறுவனம் கைவிட்ட பின்னரும், 2023 மார்ச் வரை திருத்தங்கள் வழங்கியது. பேராலைகளும் பெருமூலதனமும் படைத்தவர்களால் இயலாதது இச்சிறு நிறுவனத்துக்கு இயன்றது எப்படி? அவர்களுக்கும் இயலும் என்பதற்கு அவர்களே சாட்சி. 2023 ஆம் ஆண்டிலே கூகுள் தன் எட்டாம் பிக்சலுக்கும், 2024 ஆம் ஆண்டிலே சாம்சங் தன் எஸ் 24 வரிசைக்கும் ஏழாண்டு இற்றைப்படுத்தல் வாக்களித்தன. அன்றுவரை இயலாதிருந்தது விலையுயர்ந்த மாதிரிக்கு ஒரே இரவில் இயன்றுவிட்டது. மலிவான மாதிரிகள் பலவற்றுக்கோ அதிற் பாதிகூடக் கிடைப்பதில்லை. தடையாக நிற்பது இலாபக் கணக்கு என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

இரண்டாவது, முன்னேற்றச் சமாதானம். புதியது வரும்போது பழையது ஒதுங்குவது இயல்பு என்பர். வரலாறு இதற்கு விடை கூறுகிறது. 1924 ஆம் ஆண்டிலே ஒஸ்ராம், பிலிப்ஸ் முதலிய மின்குமிழ் உற்பத்தியாளர் ஜெனீவாவிலே ஒன்றுகூடி, ‘பீபஸ்’ என்னும் கூட்டணியை அமைத்தனர். குமிழின் ஆயுளை ஆயிரம் மணித்தியாலத்துக்குக் கட்டுப்படுத்துவது அவர்களது உடன்பாடுகளுள் ஒன்று. அதற்குமேல் எரியும் குமிழைச் செய்த உறுப்பினருக்குத் தண்டப்பணம் விதிக்கப்பட்டது. நெடுநேரம் எரியும் குமிழைச் செய்யத் தெரிந்தவர்களே, விரைவில் அணையும் குமிழைச் செய்வதற்கு அறிவியலைப் பயன்படுத்தினர். பொருளின் சாவைத் திட்டமிடுவது புதிய பழக்கம் அன்று. அன்று இழை அறுந்தது கண்ணுக்குத் தெரிந்தது. இன்று அறுவது கண்ணுக்குத் தெரியாத இழை. வேற்றுமை அவ்வளவே.

மூன்றாவது, இற்றைப்படுத்தலே பழைய தொலைபேசியைக் கெடுக்கிறது, நாம் அதை நிறுத்துவது உங்கள் நன்மைக்கே என்னும் சமாதானம். இதனை வாங்கியோர் சிலரும் நம்புகின்றனர், காரணம் இல்லாமலில்லை. பழைய மின்கலங்கொண்ட ஐபோன்களின் வேகத்தைத் தனது மென்பொருள் குறைப்பதை 2017 டிசெம்பரிலே அப்பிள் ஒப்புக்கொண்டது. மின்கலத்தை மாற்றினால் வேகம் மீளும் என்பதை அறியாத மக்கள் புதிய தொலைபேசி வாங்கியிருந்தனர். இதனை முன்கூட்டி அறிவியாமைக்காகப் பிரான்சு அதிகாரிகள் 2020 ஆம் ஆண்டிலே அப்பிளிடம் 2.5 கோடி யூரோ தண்டம் பெற்றனர். அதற்கு முன்னரே, 2018 ஆம் ஆண்டிலே, இத்தாலியின் போட்டி ஆணையம் அப்பிளுக்கு 1 கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 இலட்சம் யூரோவும் தண்டம் விதித்தது. பழைய தொலைபேசி தாங்கமாட்டாத மென்பொருளை ஏற்குமாறு வாங்கியோரை நெருக்கினர் என்பது குற்றச்சாட்டு. ஆகவே, கொடுக்கவேண்டியதை மறுப்பதும், கொடுக்கத்தகாததைத் திணிப்பதும் ஒரே கையின் இரு செயல்கள். பொருளை வாங்கியபின்பும் அதன் திறவுகோல் விற்றவனிடமே இருக்கிறது என்பதே இரண்டுக்கும் மூலம். திறவுகோலைக் கேட்பதே முறையன்றி, வேண்டாம் என்று விலகுவது முறையாகாது.

தண்டமும் சட்டமும் போதுமோ எனின், அவற்றை நாம் மிகைப்படுத்தலாகாது. நெதர்லாந்தின் நுகர்வோர் சங்கம் 2016 ஆம் ஆண்டிலே, உரிய காலம் இற்றைப்படுத்தல் தருமாறு சாம்சங்மீது வழக்குத் தொடுத்தது. 2018 ஆம் ஆண்டிலே வழக்குத் தள்ளப்பட்டது. எனினும் அக்கிளர்ச்சி வீண்போகவில்லை. பிரித்தானியாவிலே 2024 ஏப்ரில் முதல், எத்தனை காலம் பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும் என்பதை உற்பத்தியாளர் வெளிப்படையாக அறிவிக்கவேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்திலே 2025 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த விதி, விற்பனை நின்றபின் ஐந்தாண்டு வரை இற்றைப்படுத்தலையும், ஏழாண்டு வரை உதிரிப் பாகங்களையும் பற்றிப் பேசுகிறது. அங்கும் அவ்விதியின் வாசகத்திலே ‘வழங்குவாராயின்’ என்னும் ஒரு சொல் நுழைந்துள்ளது. அச்சொல்லைப் பற்றிக்கொண்டு, இற்றைப்படுத்தல் கட்டாயமன்று என்று வாதிப்போரும் உளர். சட்டத்தை எழுதும் மேசையிலே மக்கள் அமராவிட்டால், அங்கே யார் அமர்வர் என்பதற்கு இந்த ஒரு சொல்லே போதிய சான்று.

நம் நாட்டின் நிலை யாது? 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் நம்மிடம் உண்டு. அது இயற்றப்பட்டபோது ஐபோனும் பிறக்கவில்லை, அன்ட்ரொயிட் தொலைபேசியும் பிறக்கவில்லை. எடையிலும் விலையிலும் நடக்கும் மோசடியை அறிந்த காலத்துச் சட்டத்தைக் கொண்டு, மென்பொருளில் நடக்கும் கைவிடுதலை அளக்க முயல்கிறோம். 2022 ஆம் ஆண்டிலே நம் ரூபா சரிந்தபோது, ஒவ்வொரு டொலரின் அருமையையும் எரிபொருள் வரிசையிலே நின்று கற்றோம். நல்ல நிலையிலுள்ள தொலைபேசியை எறிந்துவிட்டுப் புதியதை இறக்குமதி செய்ய வைக்கும் ஒவ்வொரு முடிவும் அந்த டொலரை வெளியே கொண்டுபோகிறது. அம்முடிவை எடுப்பவர் நம் பாராளுமன்றத்தில் இல்லை.

இதன் சுமை வாங்குபவனோடு முடிவதுமில்லை. மின்கலத்துக்கு வேண்டிய கோபால்ற்றின் பெரும்பகுதி கொங்கோ நாட்டிலே தோண்டப்படுகிறது. சிறுவரும் அங்கே மண்ணைக் கிளறுகின்றனர். 2022 ஆம் ஆண்டிலே உலகம் எறிந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி தொன் என்று ஐக்கிய நாடுகளின் அறிக்கை கூறுகிறது. அதிலே முறையாகச் சேகரிக்கப்பட்டதென்று பதிவானது காற்பங்கும் இல்லை. தோண்டுபவனும் வறியவன், எரித்துச் செம்பு பொறுக்குபவனும் வறியவன், இடையிலே மூன்றாண்டு பயன்படுத்திவிட்டுக் கடன்பட்டு மறுபடி வாங்குபவனும் அவர்களுடைய உறவினனே.

நாம் கேட்பவை பெரியன அல்ல. பால்மாப் பெட்டியிற்போலத் தொலைபேசிப் பெட்டியிலும் இற்றைப்படுத்தல் நிற்கும் திகதி மூன்று மொழிகளிலும் அச்சிடப்படவேண்டும். அத்திகதியை மறைத்தோ மீறியோ விற்பவன், பொருளுக்குரிய பணத்தைத் திருப்பித் தரவேண்டும். உதிரிப் பாகமும் திருத்தும் முறையும் சந்தியிலுள்ள சிறு திருத்தகத்துக்கும் கிடைக்கவேண்டும். நிறுவனம் கைவிடும் நாளிலே பூட்டையும் திறந்துவிடவேண்டும். வேறு இயங்குதளத்தை ஏற்றிக்கொள்ளத் தெரிந்த நம் மாணவர்கள் மீதியைப் பார்த்துக்கொள்வர்.

இவற்றைத் தனித்தனியே கடைக்காரனிடம் கேட்டவர்கள் யாவரும் வெறுங்கையோடு திரும்பியிருக்கின்றனர். ஆசிரியர் சங்கங்கள் தம் கூட்டங்களிலே இதனைத் தீர்மானமாக்கட்டும். பல்கலைக்கழக மாணவர் நம் சந்தையிலுள்ள மாதிரிகளைப் பட்டியலிட்டு, எதற்கு எப்போது திருத்தம் நின்றது என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடட்டும். தொலைபேசி வாங்கப் போகும் ஒவ்வொருவரும் விலையைக் கேட்குமுன் திகதியைக் கேட்கட்டும். அக்கேள்விக்கு விடை கூற இயலாத கடைகள் பெருகும்போது, சட்டம் இயற்றுவோரும் அதனைச் செவிமடுத்தே ஆகவேண்டும்.

அந்த ஆசிரியர் தம் தொலைபேசியை இன்னும் எறியவில்லை. அது நன்றாகவே இயங்குகிறது.